மசாரு ஆம்பளைதான்

ஒசாகா
12.2.1989

அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுற உமையாளுக்கு,

எப்பவும்போல நிறுத்தி, சத்தமா, அம்மா காதுல விழுற மாதிரி வாசிக்கவும்.

அம்மா, நான் நல்லா இருக்கேன். இங்கன குளிர்தான் கொல்லுது. மூணு சட்டை போட்டுக்கிட்டுத் தூங்குறேன். கப்பலை ஒசாகாவுல கரையேத்தி வச்சிருக்காக. எஞ்சின்ல பெரிய வேலை. பாதிப் பேரை ஊருக்கு அனுப்பிட்டு, எங்களை மாதிரி எஞ்சின் ரூம் ஆளுகளை மட்டும் நிறுத்திக்கிட்டாக. அதனால சித்திரையில வாரேன்னு சொன்னது நடக்காதும்மா. ஆவணின்னு வச்சுக்கங்க. பரிசம் போடுறதையும் அப்ப பாத்துக்கலாம். முனியசாமி மாமாகிட்ட நீங்களே பக்குவமாச் சொல்லிருங்க. ஒங்க தம்பிதானே.

சாப்பாட்டுக்குக் கவலைப்படாதீக. மசாருன்னு ஒருத்தன் சிக்கியிருக்கான். இங்கன வெல்டிங் வேலை பாக்குறான். அவன் பாசை எனக்குத் தெரியாது, என் பாசை அவனுக்குத் தெரியாது. கையாலயும் கொஞ்சம் இங்கிலீசாலயும் பேசிக்கிறோம். ஞாயித்துக்கிழமை சோறு அவன் வீட்லதான். ஞாயிறு மத்தியானம் அவன் வேற ஆளு. கிட்டார் வாசிக்கிறான், பாடவும் செய்யிறான். ஹெவி மெட்டல்னு பேரு அந்தப் பாட்டுக்கு. மொதத் தடவை கேட்டப்ப காதைப் பொத்துனேன். ரெண்டாந்தடவை கைய எடுத்துட்டேன். எஞ்சின் ரூம்ல நாள் பூராம் கேக்குற சத்தத்துக்கு யாரோ மெட்டுப் போட்டுக் குடுத்த மாதிரி இருக்கும்மா.

மேடையேறுறதுக்கு முந்தி நாங்க ரெண்டு பேரும் எடுத்துக்கிட்ட போட்டோ உள்ள வச்சிருக்கேன்.

உமையாளையும் கேட்டதாகச் சொல்லவும்.

செல்லச்சாமி

*

மாரியூர் மேற்கு
3.3.1989

செல்லச்சாமி மச்சானுக்கு,

இது அத்தை சொல்லச் சொல்ல நான் எழுதுற கடுதாசி இல்ல. நானா எழுதுறது. அதனால 'என் அன்பு மகனுக்கு'ன்னு தொடங்கல.

ஒங்க கடுதாசி வந்தப்ப களத்துல மிளகாய் காஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அத்தை இருந்தாக, எங்க அய்யா இருந்தாக, பொறுக்க வந்த பொம்பளைக பதினோரு பேரு இருந்தாக. எல்லாரும் கேக்கட்டும், சத்தமா வாசின்னாக அத்தை. வாசிச்சேன். வெல்டிங் வேலை பாக்குற மசாருன்னு வாசிச்சு முடிச்சு உறைய உதறுனேன். போட்டோ மிளகாய் மேல விழுந்துச்சு.

எடுத்தது வீரலட்சுமி அக்கா. எடுத்துட்டு 'ஆத்தாடி'ன்னாக. அப்புறம் அது கை மாறிக் கை மாறிப் போச்சு, எனக்கு வர்றதுக்குள்ள போட்டோ பூராம் மிளகாய் நெடி.

மச்சான், இடுப்பு வரைக்கும் முடி. ஒதட்டுல செவப்புச் சாயம். கண்ணுக்கு மை, காதுல தொங்கட்டான், கழுத்துல வெள்ளிச் சங்கிலி மூணு. ஒங்க தோள்ல கை. நீங்க கடவாப்பல்லு தெரியச் சிரிச்சுக்கிட்டு நிக்கிறீக. ஊர்ல எடுத்த ஒரு போட்டோவுலயும் நீங்க இப்புடிச் சிரிச்சு நான் பாத்ததில்ல.

'வெல்டிங்காரனாம்ல, வெல்டிங்காரன்'னாக அய்யா. துண்ட உதறித் தோள்ல போட்டுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாக. அவன் அவன்னு எழுதுனா நமக்குத் தெரியாமப் போயிருமான்னு வழியெல்லாம் கேட்டுக்கிட்டே போனாகளாம். சித்திரையில வரமாட்டானாம், ஞாயித்துக்கிழமை சோறு அந்த வீட்லயாம், இதுக்கு மேல என்னத்தக் கேக்கணும்னு அத்தைகிட்டச் சத்தம். அத்தை அன்னைக்குச் சாப்பிடல.

உச்சிப்புளியில கூட்டுறவு பாங்குல வேலை பாக்குற ராமசுப்பிரமணியன்னு ஒருத்தர். பேரே ஒரு முழம். போன வருசமே அவுக வீட்ல என்னக் கேட்டு ஆள் விட்டாக. 'பொண்ணு என் அக்கா மகனுக்குன்னு இருக்கு'ன்னு அய்யா அப்ப திருப்பி அனுப்பிட்டாக. இப்ப அய்யாவே ஆள் விட்டுட்டாக.

கடைசியா ஒண்ணு. 'உமையாளையும் கேட்டதாகச் சொல்லவும்'னு எழுதியிருந்தீக. மூணு வருசமா ஒவ்வொரு கடுதாசியிலயும் அந்த ஒரு வரிதான் எனக்கு. வாசிக்கிறது யாரு? நான்தானே. நானே வாசிச்சு நானே எனக்குச் சொல்லிக்கணும். பதினோரு பேரு முன்னால அதையும் சத்தமாத்தான் வாசிச்சேன்.

முனியசாமி மகள்
உமையாள்

*

ஒசாகா
19.3.1989

உமையா,

கவர் மேல ஒன் பேருதான் போட்ருக்கேன். இத யாருக்கும் வாசிச்சுக் காட்ட வேணாம்.

மசாரு ஆம்பளை. நம்ம குலசாமி மேல சத்தியமா ஆம்பளை. இத எழுதுறதுக்கே எனக்கு அசிங்கமா இருக்கு. அவன்கிட்டச் சொன்னேன், ஊர்ல ஒன்னப் பொம்பளைன்னு நெனச்சுட்டாகடான்னு. வெல்டிங் கண்ணாடியத் தூக்கிவிட்டுட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறான். என் கல்யாணம் நின்னு போகப் போகுதுன்னு சொன்னதும்தான் சிரிப்ப நிறுத்துனான்.

இந்தப் பாட்டுக்காரவுக ஜப்பான்ல அம்புட்டுப் பேரும் இப்புடித்தான் இருப்பாக. மசாரு எனக்குச் சொன்னத அப்புடியே ஒனக்குச் சொல்றேன், நீயே மாமாவுக்கு விளக்கு. எழுபத்தாறுல பௌ வௌன்னு ஒரு குழு மொத ரெக்கார்டு போட்டுச்சு. அவுக இங்கிலாந்து வரைக்கும் போயி வாசிச்சிருக்காக. அப்புறம் எம்பத்தொண்ணுல லவுட்னெஸ். அதுல கிட்டார்க்காரரும் டிரம்ஸ்காரரும் அதுக்கு முந்தி சின்னப் பொண்ணுக கூடி ரசிக்கிற மாதிரி மெல்லிசாப் பாடுற ஒரு குழுவுல இருந்தவுக. சம்பாத்தியம் நல்லாத்தான் இருந்துச்சாம். இது எங்களுக்குச் சரிப்படாதுன்னு உதறிட்டு வந்து இத ஆரம்பிச்சாக. எம்பத்தஞ்சுல அமெரிக்காக்காரன் போடுற பட்டியல்ல இவுக ரெக்கார்டு நூறுக்குள்ள ஏறிருச்சு. மசாரு இதச் சொல்றப்ப அவனுக்குக் கண்ணு கலங்கிருச்சு. அந்தக் கிட்டார்க்காரருக்கு ஒசாகாதான் ஊரு. எர்த்ஷேக்கர், ஃபார்ட்டி ஃபோர் மேக்னம் எல்லாம் இந்தப் பக்கத்து ஆளுகதான். டோக்கியோ பக்கம் ஆந்தம்னு ஒரு குழு. அப்புறம் செய்கிமா டூன்னு ஒண்ணு இருக்கு. மூஞ்சி பூராம் வெள்ளையடிச்சுக்கிட்டு, நாங்க மனுசரே இல்ல பேயி, வயசு ஒரு லட்சம்னு சொல்லிக்கிறாக. அந்தப் பேயிகளும் ஆம்பளைதான்.

ஒன்கிட்டப் பொய் சொல்லக் கூடாது. ஷோ-யான்னு ஒரு குழு, அதுல அஞ்சு பேரும் பொம்பளைக. மசாரு அதுல இல்ல.

மேடையேறுனா சாதாரண ஆளு மாதிரி நிக்கக் கூடாதுன்னு இவுக நெனப்பு. நம்மூர்க் கூத்துல பொம்பளை வேசம் கட்டுற ஆம்பளைக்கு மாமாவே மாலை போட்டுப் பாத்திருக்கேன். இதுவும் அது மாதிரிதான். நம்புறதுக்கு ஒரு புத்தகத்துலருந்து நாலு பக்கம் கிழிச்சு வச்சிருக்கேன்.

உச்சிப்புளி விசயத்த கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லு.

செல்லச்சாமி

*

மாரியூர் மேற்கு
5.4.1989

மச்சானுக்கு,

நாலு பக்கமும் வந்துச்சு. வராமலே இருந்திருக்கலாம்.

அய்யா முன்னாடி விரிச்சு வச்சு நீங்க எழுதுனத அப்புடியே சொன்னேன். பௌ வௌன்னேன், லவுட்னெஸ்ன்னேன், அமெரிக்காவுல நூறுக்குள்ளன்னேன். அத்தை ஒவ்வொரு படமா வெரல் வச்சு எண்ணுனாக. எண்ணி முடிச்சுட்டு 'ஒண்ணுன்னு நெனச்சேன், பதினேழு இருக்கே தம்பி'ன்னு மூக்கச் சிந்துனாக. ஒரு பக்கத்துல அஞ்சு பேரு வரிசையா நின்னாக. இதுதான் ஷோ-யா, இவுக நெசமாவே பொம்பளைகன்னு உண்மையச் சொன்னேன். 'இவன் ஒத்துக்கிட்டதே அஞ்சு'ன்னாக அய்யா. ஒங்களுக்கு எதுக்கு மச்சான் இந்த நேர்மை? மத்த நேரமெல்லாம் எங்க போச்சு அது?

வீரலட்சுமி அக்கா ஒரு நியாயம் கேட்டாக. இம்புட்டு முடி எதுக்கு வளக்குறாக, எந்தச் சாமிக்கு நேந்துக்கிட்டாக, எப்ப எறக்குவாகன்னு. பதில் தெரியல எனக்கு. எழுதுங்க.

கூத்து வேசம் பத்தி அய்யா சொன்னது இது: 'வேசம் கட்டுனவன் விடிஞ்சா வேசத்தக் கலைச்சுட்டு மீசையோட டீக்கடைக்கு வருவான். இது வருமா?' அதனால மீசையோட ஒரு போட்டோ அனுப்புங்க. வேசம் இல்லாம.

உச்சிப்புளிக்காரவுக போன வெள்ளிக்கிழமை வந்துட்டுப் போனாக. நான்தான் காப்பி குடுத்தேன். தள்ளிப்போடச் சொல்லுன்னு எழுதியிருக்கீக. யாரு சொல்றது? எதுக்குன்னு சொல்றது? ஒங்க கடுதாசி மூணு பக்கம். ரெண்டேமுக்கால் பக்கம் கிட்டாரு.

உமையாள்

*

ஒசாகா
24.4.1989

உமையா,

மீசைக்கு மசாரு முயற்சி பண்ணாம இல்ல. ஒரு வாரம் சவரம் பண்ணாமலே இருந்தான். மேல் ஒதட்டுல நாலு முடி வந்துச்சு, அதுல ஒண்ணு நானே பாத்துச் சொன்னதுதான். இந்த ஊர்ல பாதிப் பேருக்கு அப்புடித்தான். சரி, வேசம் இல்லாமலாவது இருக்கட்டும்னு வெல்டிங் உடுப்போட எடுத்து அனுப்புறேன். தொப்பிக்குள்ள முடியச் சுருட்டி வச்சிருக்கான்.

முடி எந்தச் சாமிக்குன்னு கேட்டேன். 'எறக்குற சாமி இன்னும் கெடைக்கல'ன்னான். இந்த முடியாலதான் அவுக அப்பா அவனை வீட்ட விட்டு வெளிய போகச் சொல்லிட்டாராம். ஆறு வருசமாச்சு. அவுகளும் விவசாயக் குடும்பந்தான், நெல்லு.

ஒரு கேசட்டும் வச்சிருக்கேன். மசாரு குழு பாடுனது. பாடுறது மசாரு. கொரலைக் கேட்டா மாமாவுக்கு உறுதியாயிரும். போன வாரம் எக்ஸ்னு ஒரு குழுவோட ரெக்கார்டு பெரிய கம்பெனி மூலமா வந்துச்சு. கடையில கூட்டம் தெரு வரைக்கும் நிக்குது. அவுக மசாருவையே தூக்கிச் சாப்புட்டுருவாக, முடியெல்லாம் பனங்கருக்கு மாதிரி செங்குத்தா நிக்கும். படம் அனுப்பல, பயப்படாத. லவுட்னெஸ்ல பாடுனவரு மாறிட்டாரு, இப்ப அமெரிக்காக்காரர் ஒருத்தர் பாடுறாரு. மசாரு ரெண்டு நாளு கிட்டாரையே தொடல.

கிட்டாரு கிட்டாருன்னு எழுதுறேன்னு கோவப்படுற. எனக்கு வேற என்ன எழுதுறதுன்னு தெரியல உமையா. எழுத ஒக்காந்தா நீ சத்தமா வாசிக்கிறதுதான் காதுல கேக்குது, கை நின்னு போகுது.

அந்த ராமசுப்பிரமணியன் ஆளு எப்புடி? சும்மாதான் கேக்குறேன்.

செல்லச்சாமி

*

மாரியூர் மேற்கு
12.5.1989

மச்சானுக்கு,

வெல்டிங் உடுப்புப் போட்டோவ அத்தை வெளிச்சத்துல பிடிச்சுப் பிடிச்சுப் பாத்தாக. 'மைய அழிச்சாலும் லட்சணமாத்தான்டி இருக்கா'ன்னாக. அந்த ஊர்ல பொம்பளைகளும் கால்சட்டை போட்டு வேலைக்குப் போறாகளாமேன்னு அய்யா வேற எடுத்துக் குடுத்தாக. ஒரு முடி கூட இல்லாத மூஞ்சிய அனுப்பிட்டு ஆம்பளைன்னு நம்புன்னா எப்புடி மச்சான்?

கேசட்டு கதைய எப்புடி எழுதுறதுன்னு தெரியல. கோயில் பொங்கலுக்கு மைக்செட் கட்டியிருந்தாக. 'ஊரே கேட்டுச் சொல்லட்டும், நான் ஒருத்தன் சொன்னா தப்பாப்போயிரும்'னு அய்யா கேசட்ட மைக்செட்காரர்கிட்டக் குடுத்துட்டாக. நாலு கொழாயும் நாலு தெசையப் பாத்துக் கட்டியிருக்கு. மொதல்ல கிட்டாரு உறுமுச்சு. எல்லாரும் லாரி வருதுன்னு திரும்பிப் பாத்தாக. அப்புறம் ஒங்க மசாரு ஒரு கத்து கத்துனாரு பாருங்க! கெடை ஆடு பூராம் கம்மாய்க்குள்ள எறங்கிருச்சு. பொங்கப் பானை ரெண்டு கவுந்துச்சு. இம்புட்டு ஒசரம் ஆம்பளைக்குக் கொரல் ஏறுமா, நீங்களே சொல்லுங்க. கேட்ட அத்தனை பேரும் பொம்பளை, அதுலயும் கோவக்காரப் பொம்பளைன்னுட்டாக. அதோட நின்னா பரவால்ல, அந்த டிரம்ஸ் அடிக்கு நம்ம சாமியாடிக்குச் சாமி வந்துருச்சு. கேசட்ட நிறுத்துன அப்புறந்தான் எறங்குச்சு.

அய்யா முடிவாச் சொல்லிட்டாக. 'அவன் ஆம்பளைன்னா சட்டையக் கழட்டிட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பட்டும். ஆனி பதினஞ்சுக்குள்ள வரணும். இல்லேன்னா அன்னைக்கு உச்சிப்புளிக்காரவுக பரிசம் போடுறாக.' வெத்தலைபாக்கு மாத்திக்கிட்டாக மச்சான். வெளையாட்டு இல்ல.

அவரு ஆளு எப்புடின்னு கேட்டீக. நல்ல ஆளுதான். என்னைப் பாத்து 'ஒங்களுக்கு என்ன புடிக்கும்'னு கேட்டாரு. அவுக அம்மா முன்னாடியே கேட்டாரு. இதுக்கு முந்தி யாரும் கேட்டதில்ல.

கேசட்ட மறுநாள் நான் மட்டும் எங்க டேப்புல மெதுவா வச்சுக் கேட்டேன். எஞ்சின் ரூம் சத்தம் இப்புடித்தான்னு எழுதியிருந்தீகள்ல. இம்புட்டுச் சத்தத்துக்குள்ள நாள் பூராம் நிக்கிறாகளே, காதுல என்னத்த அடைச்சுக்குவாகன்னு நெனச்சேன். மூணு தடவை கேட்டேன்.

ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், சுத்தி வளைக்காமப் பதில் எழுதுங்க. மசாரு ஆம்பளையா பொம்பளையான்னு எனக்கு ரெண்டு மாசமா எழுதுறீக. நான் ஒங்களுக்கு வேணுமா வேணாமா?

உமையாள்

*

ஒசாகா
10.6.1989

உமையா,

வேணும்.

இத முதல்லயே எழுதியிருக்கணும். நம்ம முறைங்கிறதால நீ எங்கயும் போக மாட்டேன்னு இருந்துட்டேன். ஒரு வார்த்தை ஒன்னக் கேக்கல. அந்த பாங்குக்காரர் ஒரு காப்பி குடிக்கிறதுக்குள்ள கேட்டுட்டாரு. படிச்சுட்டு எஞ்சின் ரூமுக்குள்ள எறங்கி அரை நாளு வெளிய வரல நான்.

அம்மாவுக்குன்னு எழுதுன கடுதாசி எல்லாம் ஒனக்கு எழுதுனதுதான். நீதான் வாசிப்பேன்னு தெரியும். மூணு சட்டை போட்டுத் தூங்குறேன்னா அது ஒனக்குச் சொன்னது. ஒன் பேர எழுதுனா களத்துல எல்லாரும் சிரிப்பாகளேன்னு கூச்சப்பட்டு அந்த ஒத்த வரியோட நிறுத்திக்குவேன். அது ஒனக்கு எப்புடி இருக்கும்னு நெனச்சே பாக்கல. தப்பு என் மேலதான்.

போட்டோ விசயம். ஒரு ஆம்பளை ரூமுக்குள்ள வெறும் ஒடம்போட நிக்கிற படத்த மாமாவுக்கு அனுப்புறது எனக்குச் சரியாப் படல. என்னடா வழின்னு மசாருகிட்டக் கேட்டேன். வெல்டிங் கண்ணாடியக் கழட்டி வச்சான். அப்புறம், எங்க ஊர்ல நாத்து நடவு சமயத்துல சாமி தூக்குவாக, அன்னைக்கு எவனுமே சட்டை போட மாட்டான்னான். வா போவோம்னேன். எங்க அப்பா உள்ள விடமாட்டாருன்னான். என் கல்யாணம்டான்னேன். போனோம்.

ஆறு வருசம் கழிச்சு வாசல்ல போயி நிக்கிறான். அவுக அப்பா அவன் முடியப் பாத்தாரு, என்னப் பாத்தாரு. நான் எனக்குத் தெரிஞ்ச ஜப்பான் பாசையில, மாமா, பொண்ணு, போட்டோ, ஆம்பளை, பொம்பளைன்னு ஒளறிக் கொட்டுனேன். அந்த மனுசனுக்கு என்ன வெளங்குச்சோ தெரியல. உள்ள போயி வெள்ளைத் துணிய எடுத்துட்டு வந்தாரு. மகனுக்குத் தானே கட்டிவிட்டாரு. இழுத்துக் கட்டுன கட்டுல மசாருக்கு மூச்சு முட்டிருச்சு. அப்புறம் என் பக்கம் திரும்பி, எனக்கும் கட்டிவிட்டுட்டாரு.

நாங்க சாமி தூக்குனப்ப எடுத்த போட்டோவ மாமா பேருக்குத் தனிக் கவர்ல போடுறேன். முன்னாடி தண்டு பிடிக்கிறவன் மசாரு, மூணாவது ஆளு நான். நீ பாக்க வேணாம்.

அடுத்த கப்பல் வேணாம்னு கம்பெனிக்கு எழுதிக் குடுத்துட்டேன். ஆவணி மொத முகூர்த்தத்துக்கு அங்கன நிப்பேன். ஒனக்கு என்ன புடிக்கும் உமையா? எழுது.

செல்லச்சாமி

*

மாரியூர் மேற்கு
25.6.1989

மச்சானுக்கு,

எல்லாம் நல்லபடியா முடிஞ்சுச்சு. மொதல்ல அதச் சொல்லிட்டேன், மூச்சு விட்டுக்கங்க. நான் இப்பத்தான் விடுறேன்.

போஸ்ட்மேன் வந்தப்ப அய்யா கம்மாய்ல வண்டல் அள்ளிக்கிட்டு இருந்தாக. அங்கனயே கொண்டுபோயிக் குடுத்துட்டாரு. கஞ்சித் தூக்கோட நானும் பின்னாடியே போனேன். அய்யா கைய இடுப்புத் துணியில தொடச்சுட்டுக் கவரைக் கிழிச்சாக. பாத்தாக. பாத்துக்கிட்டே நின்னாக.

'ஏலே, இங்கன வாங்கடா'ன்னு ஒரு சத்தம் போட்டாக பாருங்க. வண்டல் அள்ளுன எட்டுப் பேரும் கோவணத்தோட ஓடி வந்தாக. எட்டுப் பேரும் அய்யாவும் போட்டோவச் சுத்தி நின்னுக்கிட்டு, 'கோவணம்டா! இவுகளும் கோவணம் கட்டுறாகடா!'ன்னு ஒரே கூத்து. முடிச்ச எங்க போடுறான், முன்கொசுவம் விடுறானா இல்லையான்னு பேசுனாகளே தவிர மசாருவ ஒருத்தரும் பாக்கல. கடைசியா அய்யாவுக்கே நெனவு வந்து, முன்னாடி நிக்கிறவன் நெஞ்சப் பாத்தாக, தோளப் பாத்தாக. 'கட்டுன கட்டப் பாத்தாலே தெரியுது, இது பழகுன கை கட்டுனது. நம்மள மாதிரி ஆளுதான்'னாக. அப்புறந்தான் மூணாவது ஆளப் பாத்தாக. 'அடப்பாவி, எங்க அக்கா மகன்!' அய்யா அழுதுட்டாக மச்சான். சிரிச்சுக்கிட்டே அழுதாக.

மறுநாளே உச்சிப்புளிக்கு அய்யாவே நேர்ல போயி மன்னிப்புக் கேட்டுட்டு வந்தாக. வருத்தப்பட்டாகளான்னு கேட்டேன். மோர் குடுத்தாகன்னாக. அத்தை ரெண்டு வேளைச் சோத்த ஒரு வேளையில சாப்புட்டாக. இப்ப வர்றவுக போறவுககிட்டயெல்லாம் 'மசாருக்கும் ஒரு பொண்ணு பாக்கணும்'னு சொல்லிக்கிட்டுத் திரியிறாக.

ஒங்ககிட்ட நானும் ஒண்ணு ஒத்துக்கணும். கோவப்படக் கூடாது.

மசாரு ஆம்பளைன்னு எனக்கு மொத நாளே தெரியும். கை மாறிக் கை மாறி போட்டோ எனக்கு வந்ததும் தெரிஞ்சுச்சு. தொண்டையில முட்டு துருத்திக்கிட்டு நிக்குது. ஒங்க தோள்ல வச்ச கையில பொறிப்பட்ட தழும்பு, கரிமூட்டம் போட்டு எங்க அய்யாவுக்கு இருக்குமே அதே மாதிரி. வெல்டிங்காரன்னு நீங்க எழுதுனது சரிதான்னு அப்பவே புரிஞ்சுச்சு. ஆனா வாயத் தொறக்கல. சித்திரையில வராதவுகளுக்கு நான் எதுக்குப் பரிஞ்சு பேசணும்னு கோவம். உமையாளையும் கேட்டதாகச் சொல்லவும்னு வாசிச்ச கோவம்.

அப்புறம் என் பேர் போட்டுக் கவர் வந்துச்சு. உமையான்னு தொடங்கியிருந்தீக. பௌ வௌ, லவுட்னெஸ், பேயிக, எல்லாத்தையும் எனக்குன்னு எழுதியிருந்தீக. சண்டைய நிறுத்துனா கடுதாசியும் நின்னுரும்னு நெனச்சேன். அதான் மீசை கேட்டேன், அதான் கேசட்ட அய்யா வாங்கிட்டுப் போறப்ப தடுக்கல. அய்யா வெத்தலைபாக்கு மாத்துனதும்தான் இது வெளையாட்டு இல்லன்னு எனக்கு ஒறைச்சுச்சு. அன்னைக்கே தொண்டையக் காட்டிச் சொன்னேன். முறை மாப்பிள்ளைக்குப் பரிஞ்சு பேசுறான்னு ஒருத்தரும் காதுல வாங்கல. என் வாயால நானே கெட்டேன்னு அழுத அழுகை அத்தைக்குக் கூடத் தெரியாது.

எனக்கு என்ன புடிக்கும்னு கேட்டுருக்கீக. கவர் மேல என் பேர் இருந்தாப் புடிக்கும். ஊருக்கு வந்துட்டாக் கடுதாசி எதுக்குன்னு கேப்பீக. அதுக்கு முந்தி ஒண்ணே ஒண்ணு எழுதுங்க மச்சான், சண்டை இல்லாம.

மூணாவது ஆளப் பாக்க வேணாம்னு சொன்னீக. பாத்தேன். கட்டிவிட்டும் நிக்கத் தெரியல ஒங்களுக்கு.

உமையாள்

*

ஒசாகா
9.7.1989

என் உமையாளுக்கு,

மொத நாளே தெரியுமா? மூணு மாசமா நான் பாஸ்போர்ட் ஆபீசுல நிக்கிறவன் மாதிரி சாட்சி சாட்சியா அனுப்பிக்கிட்டு இருந்தேன்! மசாருகிட்டச் சொன்னேன். அவன் ஒன் போட்டோவ வாங்கிப் பாத்து, நின்ன எடத்துலயே இடுப்ப வளைச்சு ஒரு கும்பிடு போட்டான். மேடையில கூட அவன் யாருக்கும் அப்புடிக் குனிஞ்சதில்ல.

கோவம் வருமான்னு பாத்தேன். வரல. விசாரணை முடிஞ்சு வெளிய வந்தவன் மாதிரி லேசா இருக்கு. காலையில எஞ்சின ஓட்டிப் பாத்தாக, ஒரு தட்டல் இல்லாம ஓடுது. ஆவணி ரெண்டாந்தேதி மெட்ராஸ்ல எறங்குறேன். மசாருவும் வாரான். அவுக அப்பா வழிச்செலவுக்குன்னு ஒரு மூட்டை அரிசி குடுத்து விட்டுருக்காரு, இத எப்புடி விமானத்துல ஏத்துறதுன்னு தெரியாம நிக்கிறோம். கல்யாணத்துல கிட்டாரு வாசிக்கட்டுமா, அன்னைக்குக் கரண்டு இருக்குமான்னு கேக்குறான். ஆட்டைக் கெடையில கட்டிப்போட்டாப் போதும்னு சொல்லிட்டேன்.

கடல்ல இருக்குறப்ப ஒன் நெனப்பு வர்ற நேரம் ஒண்ணு உண்டு. சொல்லலாமா கூடாதான்னு மூணு வருசம் யோசிச்சிருக்கேன். வேலை முடிஞ்சு மேல்தட்டுக்கு வந்து காதுல அடைச்ச பஞ்ச எடுப்பேன். அம்புட்டு எரைச்சலும் போயி திடீர்னு காத்துச் சத்தம் மட்டும் கேக்கும். அந்தக் கொஞ்ச நேரம் பூராம் நீதான். அவ்வளவுதான் உமையா, இதச் சொல்லத்தான் தெரியாம இத்தனை கிட்டாரு எழுதுனேன்.

இந்தக் கடுதாசியில வேற விசயம் ஒண்ணும் இல்ல. சண்டை இல்ல, சாட்சி இல்ல. கேட்டியேன்னு எழுதுனது.

அம்மாவையும் கேட்டதாகச் சொல்லவும்.

செல்லச்சாமி